பந்து டீச்சரை யாரும் விரட்டவில்லை

விரட்டவில்லை. அதை முதலில் எழுது. பெரிய எழுத்தாகப் போடு. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். என் மருமகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் விரட்டவில்லை. தன் காலால் நடந்து வெளியே வந்தாள். நான் கூடவே இருந்தேன். இந்தத் தெருவில் கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிற ஒருத்தரும் அன்றைக்கு அங்கே இல்லை.

எதிர்வீட்டுத் தையல்காரியிடமும் இதைத்தான் சொன்னேன். இரண்டு தலையணை உறை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். துணியை அளந்துகொண்டே கேட்கிறாள்.

"உங்க மருமக தன் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மட்டும் மார்க்கை வாரி வழங்கினாங்களாமே பெரியம்மா? கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா? நீயும் உன் தையல் மிஷினுமா?"

அவள் விடவில்லை. "காலையில மொட்டை மாடியில நின்னு பந்தை ஆகாயத்துக்குக் காட்டிப் பேசிட்டிருப்பாங்க. நானே பார்த்திருக்கேன். மனசு ஏதாவது சரியில்லையோ என்னமோ."

"அவ மனசு நல்லாத்தான் இருக்கு. உன் வாய்க்குத்தான் ஒரு பொத்தான் தைக்கணும்."

துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தலையணை இன்னும் உறையில்லாமல்தான் கிடக்கிறது. கிடக்கட்டும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் இந்த வீட்டுக்குள் வந்தபோது இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் காந்தம், கல், உடைந்த பூதக்கண்ணாடி, ஒரு பை நிறைய வெள்ளைத் தெர்மாகோல் பந்து. "இதெல்லாம் என்னம்மா?" என்றேன். "பாடம் அத்தை," என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எதைத் திறந்தாலும் பாடம்தான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பந்து. குளியலறைக் குழாய்க்கு அடியில் பந்து. ஒருநாள் என் செருப்புக்குள் பந்து. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குப் பந்து டீச்சர் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பேன்.

அவளோடு குடித்தனம் செய்வது லேசு என்று யாரும் நினைக்க வேண்டாம். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க அத்தை?" என்பாள். நினைக்க என்ன இருக்கிறது? போட்டிருக்கிறாயா, இல்லையா? என் நல்ல படுக்கை விரிப்பை வகுப்பு ஜன்னலை மறைக்க எடுத்துக்கொண்டு போய், மூலைக்கு ஒன்றாக நான்கு ஆணி ஓட்டையோடு கொண்டுவந்து கொடுத்தாள். படுக்கையோரம் வைக்கிற என் மேசை விளக்கு வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும்.

சாயங்காலம் தொண்டை கட்டி வருவாள். வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். "என்னம்மா ஆச்சு?" என்றால், "மூணு வாரம் அத்தை. பூமி சுத்துதுன்னு மூணு வாரமா நடத்தியாச்சு. இன்னைக்கு ஒருத்தன் எந்திரிச்சு, ராத்திரியானா சூரியன் எங்க மிஸ் தூங்கப் போகும்னு கேக்கிறான். கூட இருக்கிற நாப்பது பேரும் சிரிப்பாங்கன்னு பார்த்தா, நாப்பது பேரும் பதிலுக்காக என்னைப் பார்க்கிறாங்க," என்பாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடப் போகிறேன் என்று வாரத்துக்கு ஒருதரம் சொல்வாள். மறுநாள் காலையில் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வந்தாக வேண்டும்.

நிலா ஏன் தேய்கிறது என்றால், பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால் என்றுதான் நான் மனசில் வைத்திருந்தேன். யார் சொன்னார்கள் என்று தெரியாது. எனக்கு யாரோ சொன்னார்கள், நான் என் மகனுக்குச் சொன்னேன், பிறகு பேத்திக்குத் தலை வாரும்போதெல்லாம் சொன்னேன். நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மூடும், பிறகு விலகும். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. ஒருநாள் இதை மருமகள் கேட்டுவிட்டாள்.

"நிழல் இல்லை அத்தை."

"பின்ன?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நிழல்னுதான் நினைக்கிறேன். அதைத்தானே இப்ப சொன்னேன்?"

அவள் சண்டைக்கு வரவில்லை. "காலையில துணி காயப்போடப் போறப்ப மேல பாருங்க," என்றாள், அவ்வளவுதான். நான் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன். எட்டு நாள் தலையைக் குனிந்தே துணி காயப்போட்டேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒன்பதாம் நாள் அவளும் மாடிக்கு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. சூரியன் எனக்கு எதிரே. உச்சந்தலைக்கு மேலே பாதி நிலா, வெளுத்துப்போய், கழுவின தட்டை உடைத்து வைத்த மாதிரி. கையில் இருந்த வெள்ளைப் பந்தை நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, "இங்க வந்து நின்னு பாருங்க அத்தை," என்றாள்.

பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் பந்து பளிச்சென்று இருந்தது, மற்றப் பக்கம் மங்கல். நிலாவும் அப்படியேதான். அதே பக்கம் வெளிச்சம், அதே பக்கம் மங்கல், கோடுகூட ஒரே சாய்வு. பந்தின்மேல் யாருடைய நிழலும் விழவில்லை. வெயில் ஒரு பக்கம் படுகிறது, நாங்கள் பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம், அவ்வளவுதான். என் நிழல் எங்கே என்று தேடினேன். எனக்குப் பின்னால் தரையில் நீளமாகக் கிடந்தது. எதிரே சூரியன் இருந்தால் நிழல் பின்னால்தான் விழும். அது எழுந்து தலைக்கு மேலே இருக்கிற நிலாவை எப்படிப் போய் மூடும்?

புரிந்துவிட்டது. ஆனால் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. "துணி காயணும், தள்ளி நில்லு," என்றேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

அந்தப் பாடம் வகுப்பில் நடத்தின அன்று விளக்கை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். பேத்தி அம்மா வகுப்பில்தான் படிக்கிறாள். அன்றைக்குக் காய்ச்சலென்று படுத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் மகனிடம் விட்டுவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வந்தது வந்தாகிவிட்டது என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜன்னலெல்லாம் மறைத்து அறையை இருட்டாக்கியிருந்தாள். நடுவில் என் விளக்கு, மேல்மூடி கழற்றி. அதுதான் சூரியன். பிள்ளைகள் ஆளுக்கொரு பந்தைப் பென்சிலில் குத்திக் கையில் வைத்திருந்தார்கள். அது நிலா. அவரவர் தலைதான் பூமி.

"கையை நீட்டுங்க. விளக்கைப் பாருங்க. பந்து எப்படித் தெரியுது?"

"கருப்பா இருக்கு மிஸ்."

"அது அமாவாசை. அப்படியே மெல்ல இடப்பக்கமாத் திரும்புங்க. மெல்ல. மெல்லன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்?"

தெரியாது. பத்துப் பேர் பம்பரமாகச் சுற்றினார்கள். ஒருத்தன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். "பூமியே உக்காந்துடுச்சு மிஸ்," என்று ஒரு பெண் சொன்னாள். இரண்டு நிலா மோதிக்கொண்டு ஒன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து. நான்காவது முறைதான் எல்லாரும் ஒழுங்காகத் திரும்பினார்கள். கீற்று, பாதி, முக்கால் என்று அந்தப் பந்துகளில் வெளிச்சம் வளர்ந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். விளக்குக்கு முதுகு காட்டி நின்றபோது தையல்காரியின் மகன் கத்தினான்.

"மிஸ், என் நிலா காணாமப் போச்சு. நிழல்தான் மிஸ். நான் சொன்னேன்ல, டியூஷன்லயும் நிழல்னுதான் சொன்னாங்க."

"அது உன் தலையோட நிழல்டா. பந்தைத் தலைக்கு மேல தூக்கு."

தூக்கினான். பந்து முழுசாக வெளிச்சமானது.

"முன்னாடி நிழல் விழுந்துச்சே, அது கிரகணம். எப்பவாவதுதான் வரும். இப்ப தெரியுதே, இது பௌர்ணமி. மாசாமாசம் வரும். ரெண்டும் வேற வேற. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்த்தேன், புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பேத்தி போர்வைக்குள்ளிருந்து, "அம்மா என்ன பாட்டி நடத்தினாங்க?" என்று கேட்டாள். கண்முன்னால் அத்தனையும் பார்த்துவிட்டு வந்தவள் நான். சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் தலை வாரும்போது சொன்னதெல்லாம் தப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "எப்பவும் நடத்துறதுதான்," என்று சொல்லிவிட்டுக் கஷாயம் வைக்கப் போய்விட்டேன். அவள் அம்மாவும் சொல்லித்தரவில்லை. தன் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்வதில்லை என்று முதலிலிருந்தே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். பாரபட்சம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதாம். அப்படிப்பட்டவளைத்தான் மார்க்கை வாரி வழங்கினாள் என்று பேசுகிறார்கள்.

அரைப் பரீட்சை வந்தது. நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது, ஐந்து மார்க். கேள்வித்தாளும் தலைமையாசிரியர்தான் போடுவார், இதுதான் சரியான விடை என்கிற விடைக்குறிப்பும் அவர்தான் போடுவார். அவரும் ஒரு காலத்தில் விஞ்ஞானம் நடத்தினவர். நீலக் கோப்பு ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அதே குறிப்பை வைத்திருக்கிறார். வருஷம்தோறும் தேதியை மட்டும் மாற்றி நகல் எடுப்பார்கள். அந்தக் குறிப்பில் இந்தக் கேள்விக்கு என்ன விடை எழுதியிருந்தது என்று நினைக்கிறாய்? பூமியின் நிழல்.

மருமகள் வகுப்பில் நாற்பத்தொரு பேர். முப்பத்தாறு பேர் வெளிச்சக் கணக்கைச் சரியாக எழுதியிருந்தார்கள். ஐந்து மார்க் கொடுத்தாள். ஐந்து பேர் நிழல் என்று எழுதியிருந்தார்கள். முட்டை போட்டாள். அந்த ஐந்தில் ஒன்று தையல்காரியின் மகன். இன்னொன்று என் பேத்தி.

தையல்காரி மகனின் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள். பக்கத்து வகுப்பில் நிழல் என்று எழுதினவர்களுக்கெல்லாம் முழு மார்க்காம், தன் மகனுக்கு மட்டும் முட்டையாம். அதுவும் நியாயம்தான், அவளுக்கு என்ன தெரியும். தலைமையாசிரியர் மருமகளைக் கூப்பிட்டு, விடைக்குறிப்புப்படி மறுபடி திருத்து, நிழலுக்கு ஐந்து, மற்றதற்குச் சுழி என்று சொல்லி நாற்பத்தொரு தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலைக்குள் வேண்டுமாம்.

சாயங்காலம் தாள்கட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சிவப்புப் பேனா அதன்மேல். அவள் தொடவில்லை.

என் மகன் பணிமனையில் பேருந்துக்கு நேர அட்டவணை போடுகிறவன். எதையும் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்பது அவன் எண்ணம். "அஞ்சு மார்க்குதானே. அவர் சொன்னபடி போட்டுட்டுப் போயேன்," என்றான்.

"மார்க் போனாப் போகட்டும். முப்பத்தாறு பிள்ளைங்க பந்தைச் சுத்திக் கண்ணால பார்த்து எழுதியிருக்காங்க. நீ பார்த்தது தப்புன்னு அது மேல நான் சிவப்புக் கோடு போடணும். போட்டுட்டு அடுத்த பாடத்துக்கு, பார்த்து எழுதுங்கன்னு எப்படிச் சொல்வேன்?"

"கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா," என்றேன் நானும். வெட்கம் கெட்டுச் சொன்னேன்.

"அனுசரிக்கத்தான் அத்தை பார்த்தேன். ரெண்டு விடைக்குமே அஞ்சு போட்டுடறேன், அடுத்த வருஷத்துக்குக் குறிப்பை மட்டும் திருத்துங்க சார்னு கேட்டேன். அதுவும் முடியாதுன்னுட்டார்."

பேத்தி தட்டைத் தள்ளி வைத்தாள். "குறிப்புப்படி போட்டா எனக்கு அஞ்சு கிடைக்குமாம்மா?"

"கிடைக்கும்."

"ஆனா நான் எழுதினது தப்புதானே?"

"தப்புதான். யாரு உனக்கு நிழல்னு சொன்னது?"

"பாட்டி."

மருமகள் ஒரு பார்வைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் தட்டில் இருந்ததை எண்ணி எண்ணிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், மூக்குக்கண்ணாடி அலமாரிமேல் இருக்கிறது. தலையைத் தவிர எல்லாவற்றையும் மறப்பாள். எடுத்துக்கொண்டேன். கிளம்புமுன் பேத்தியின் சடையைப் பின்னிக்கொண்டே, "நான் சொன்னது தப்பு கண்ணு. நிழல் இல்லை. எனக்கு முன்னாடியே தெரியும், சொல்லலை," என்றேன். "சரி பாட்டி, இறுக்கிப் பின்னாதீங்க," என்றாள். அவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை நாள் வாயைக் கட்டிவைத்திருந்தேன்.

பேத்தியை வகுப்பில் விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் தலைக்கு மேலே பாதி நிலா கூடவே வந்தது. அறைக் கதவு நேராக மைதானத்துக்குத் திறக்கும். உள்ளே மருமகள் நிற்கிறாள், மேசைமேல் தாள்கட்டு, பக்கத்தில் நீலக் கோப்பு.

"ஒண்ணும் திருத்தலையே நீங்க," என்கிறார் அவர்.

"திருத்தினதுதான் சார். முதல்லயே சரியாத் திருத்திட்டேன். நிலா இப்ப வெளிய இருக்கு. ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

"எனக்கு வேலை இருக்கு."

நான் வாசற்படியில் நின்றே சொன்னேன். "அஞ்சு அடி வந்தாப் போதும் சார். தலையைத் தூக்கினா முடிஞ்சுது."

"நீங்க யாரு?"

"அவ மாமியார்."

"படிச்சிருக்கீங்களா?"

"இல்லை. அதனாலதான் பார்க்கச் சொல்றேன். சூரியன் உங்களுக்கு எதிரே நிக்குது, நிலா தலைக்கு மேல. உங்க நிழல் முதுகுக்குப் பின்னாலதான் கிடக்கும், எந்திரிச்சு மேல போகாது. பூமிக்கும் அதே கதைதானே?"

அவர் கோப்பைத் திறந்தார், மூடினார். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்குக் குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் பேசினார். "இருபத்திரண்டு வருஷம்மா. எத்தனை பிள்ளைங்க இதை எழுதி மார்க் வாங்கிட்டுப் போயிருக்காங்க. இப்பப் போய்த் தப்புன்னு யாருக்கு நான் சொல்றது?"

"இனிமே வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. நானும் என் பேத்திக்கு நிழல்னுதான் சொல்லிவெச்சிருந்தேன். முட்டை வாங்கினா. இன்னைக்குக் காலையில தப்புன்னு சொல்லிட்டேன். வாய் ஒண்ணும் கோணிப் போகலை சார்."

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாடியில் பந்தைக் காட்டின நாளிலிருந்து அவள் கேட்காமல் வைத்திருந்த பதில் அது.

தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வெயில் அவர் மேசைக்கால்வரைக்கும் வந்திருந்தது. "பாட்டிமார் சொல்றதை வெச்செல்லாம் விடைக்குறிப்பை மாத்த முடியாது. குறிப்புப்படி திருத்துங்க. இல்லைன்னா நாளையிலிருந்து அந்த வகுப்புக்கு வேற ஆள் வருவாங்க," என்றார்.

அவள் மார்க் பட்டியலை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் மூக்கோடு ஒட்டிவைத்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினாள். முப்பத்தாறு பேருக்கு ஐந்து, ஐந்து பேருக்கு முட்டை, அதில் ஒன்று தன் மகள். அப்படியே கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். சிவப்புப் பேனாவை மூடி அதன்மேல் வைத்தாள்.

"வர்றவங்களுக்குப் பந்தெல்லாம் அலமாரியில இருக்குன்னு சொல்லிடுங்க சார். விளக்கு மட்டும் எங்க அத்தையோடது."

வகுப்பிலிருந்து விளக்கை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். படி இறங்கும்போது தடுமாறினாள். "கண்ணாடியைப் போடு முதல்ல. விழுந்து கைகால் உடைச்சுக்கிட்டா அதுக்கும் தெருவுல ஒரு கதை கட்டுவாங்க," என்று, கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்ததை நீட்டினேன். போட்டுக்கொண்டாள்.

மைதானத்தைப் பாதி தாண்டியிருப்போம். ஏழாம் வகுப்பு ஜன்னலில் தையல்காரியின் மகன் முகம் தெரிந்தது.

"மிஸ், எனக்கு அஞ்சு மார்க் வருமா?"

"வந்தாலும் வரும்டா. நீ மேல பாரு."

பார்த்தான். கையில் ஏதோ வைத்திருந்தான், பந்து. அதை ஜன்னல் கம்பிக்கு வெளியே வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பந்தைப் பார்த்தான், நிலாவைப் பார்த்தான், மறுபடி பந்தைப் பார்த்தான். பின்னாலிருந்து என் பேத்தி, "கொஞ்சம் மேல தூக்குடா," என்றாள்.

மருமகள் நிற்கவில்லை. நான் விளக்கின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே அவளுக்குப் பின்னால் வாசலைத் தாண்டினேன்.